எந்தப் பாட்டு பெரிசு? ஊர் விவாதத்தை ஒழுங்காக நடத்தும் முறை

எக்காலத்துக்கும் சிறந்த தமிழ்ப் பாட்டு எது என்று நாகர்கோவில் டீக்கடை எதிலாவது கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் குரல் உயர்ந்துவிடும். ஒருவர் மெட்டைப் பற்றிப் பேசுவார், அடுத்தவர் பாடகரைப் பற்றி, மூன்றாமவர் அந்தப் படம் வந்த வருஷத்தில் தன் வாழ்க்கையில் நடந்ததைப் பற்றி. மூவரும் பாட்டு என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். பாட்டு மட்டும் கடைசிவரை ஒலிக்கவே ஒலிக்காது.

இதை ஒரு மாலை நிகழ்ச்சியாக நூலக மாடியிலோ, ஊர்ச் சமுதாயக் கூடத்திலோ, சர்ச் பங்கு மண்டபத்திலோ நடத்தலாம். இருபது பேர் போதும். எல்லா விதிகளும் ஒரே ஒரு விதியிலிருந்து வருகின்றன: வாதம் என்றால் பாட்டுக்குள் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும், காட்டிய இடத்தை எல்லாரும் அப்போதே கேட்க வேண்டும்.

கேள்வியைச் சுருக்குவது

‘எக்காலம்’ என்றால் எதிலிருந்து எதுவரை என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். திரைப்பாட்டு மட்டும் என்றால் தொடக்கம் சுலபம்: முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-ல் வந்தது. முடிவில் பத்து வருஷம் விட்டுவிடுங்கள். போன வருஷம் வந்த பாட்டு நிலைக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதைப் பட்டியலில் சேர்த்தால் இளவட்டம் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் என்று கூட்டம் பிளந்து போகும்.

அடுத்து, எதைப் பாட்டு என்கிறோம் என்பது. மெட்டும் வரியும் சேர்ந்ததா, குறிப்பிட்ட ஒலிப்பதிவா, படத்தில் வரும் காட்சியா? ‘பொன்மகள் வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால் 1970-ல் வந்த ‘சொர்க்கம்’ படத்துப் பதிவா, 2007-ல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான் மறுபடி செய்ததா? ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவுதான் போட்டியிடுகிறது என்று வைத்துக்கொள்வதே நல்லது. மேடைக் கச்சேரிப் பதிவு, டிவி நிகழ்ச்சியில் யாரோ பாடியது எதுவும் கணக்கில் வராது.

மூன்றாவது, நம் குமரி மாவட்டத்துக்கே உரிய சிக்கல்: மலையாளப் பாட்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மண் இது. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ‘செம்மீன்’ பாட்டை எடுக்காமல் இருக்க மாட்டார்கள். அவர்கள் எடுப்பதில் நியாயம் உண்டு. 1965-ல் வயலார் ராமவர்மா எழுதி, வங்காளியான சலில் சௌத்ரி இசையமைத்து, மன்னா டேயும் யேசுதாஸும் பாடியவை கடற்கரை ஊர்களில் இன்றும் வாழ்கின்றன. நடுவர்களில் பாதிப்பேருக்கு மேல் மலையாளம் புரியும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தனிச் சுற்று வையுங்கள். வரி புரியாதவர் மெட்டுக்கு மட்டும் மார்க் போடுவார். அது அந்தப் பாட்டுக்குச் செய்கிற அநியாயம்.

யாரை உட்கார வைப்பது

ஏழு நடுவர்கள் என்றால் ஏழு விதமான காது வேண்டும். நாதஸ்வரமோ தவிலோ வாசிப்பவர் ஒருவர், சர்ச் பாடகர் குழுவில் தாழ்ந்த குரலோ இரண்டாம் குரலோ பாடுபவர் ஒருவர், வில்லுப்பாட்டில் குடமோ உடுக்கோ அடிப்பவர் ஒருவர், கோயில் கொடை விழாக்களுக்கு ரேடியோ செட் (ஒலிபெருக்கி) போடுபவர் ஒருவர், தமிழ் வாத்தியார் ஒருவர், எந்த இசைப் பயிற்சியும் இல்லாத இருவர். பாடகர் குழுக்காரருக்கு இரண்டு குரல் சேரும் இடத்தில் அடியில் என்ன நடக்கிறது என்று கேட்கும். மெட்டை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு அது தப்பிப்போகும். ரேடியோ செட் போடுகிறவருக்கு எந்தப் பாட்டு போட்டால் கூட்டம் எழுந்து போகிறது, எதற்கு உட்காருகிறது என்று தெரியும். அந்த அறிவை எந்தப் பத்திரிகைப் பட்டியலும் தராது.

பாட்டு அட்டை

ஒவ்வொருவரும் ஒரு பாட்டு கொடுக்கலாம். ஓர் இசையமைப்பாளருக்கு மொத்தப் பட்டியலில் இரண்டுக்கு மேல் இடம் கிடையாது. இந்த உச்சவரம்பு இல்லாவிட்டால் விவாதம் இளையராஜாவா ரஹ்மானா என்று திரும்பிவிடும், பிறகு பாட்டைப் பேச முடியாது.

கொடுக்கும் பாட்டுக்கு ஓர் அட்டை எழுத வேண்டும். பாட்டு, படம், வருஷம், இசை, வரி, குரல், நீளம். கீழே ‘கேட்க வேண்டிய இடம்’ என்று இரண்டு நேரக்குறிப்பு. 2 நிமிஷம் 14 நொடி என்பதுபோல் எழுத வேண்டும். அந்த இரண்டு நேரக்குறிப்பு எழுத முடியாதவர் பாட்டை நினைவில் வைத்துத்தான் பேசுகிறார், கேட்டு அல்ல. அட்டையைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு தடவை கேட்டு வரச் சொல்லுங்கள்.

விவரங்களைச் சரிபார்க்க ஓர் ஆளைத் தனியாக நியமியுங்கள். யூடியூபில் பாட்டின் பெயருக்குக் கீழே இருப்பதை நம்பக்கூடாது. அடிக்கடி வரும் தப்புகள் இவை: சேர்ந்து இசையமைத்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-ல் பிரிந்தார்கள், அதற்கு முந்தைய பாட்டுகளில் ராமமூர்த்தியின் பெயர் விட்டுப்போயிருக்கும். கண்ணதாசன், வாலி பெயர்கள் மாறிக் கிடக்கும். வருஷத்தை மட்டும் வைத்துத் திருத்தவும் முடியாது. கண்ணதாசன் 1981 அக்டோபரில் மறைந்தார், ‘கண்ணே கலைமானே’ வரும் ‘மூன்றாம் பிறை’ வெளிவந்தது 1982-ல். இறந்த பிறகு எப்படி எழுதினார் என்று ஒருவர் எழுந்து கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும். படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களையும் பழைய இசைத்தட்டு உறையையும் பார்ப்பதே பத்திரம்.

இருபது அட்டையில் எட்டை முந்தின வாரமே தேர்ந்தெடுத்துவிடுங்கள். எட்டுப் பாட்டை முழுதாகக் கேட்கவே 36 நிமிஷம் ஆகும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷப் பேச்சு, இரண்டு நிமிஷ மறுப்பு என்றால் 40. கடைசி நான்கின் முக்கிய இடங்களை மறுபடி கேட்க 6, திறந்த விவாதம் 20, ஓட்டும் எண்ணிக்கையும் 15, டீ 15. மொத்தம் இரண்டேகால் மணி நேரம். பதினாறு பாட்டு வைத்தால் பாதிக்கூட்டம் கடைசி பஸ்ஸைப் பார்த்து எழுந்துவிடும்.

ஒலி: பெரும்பாலும் கெடுவது இங்கேதான்

குழாய் ஸ்பீக்கர் வேண்டாம். அது குரலைத் தள்ளிக் கொடுக்கும், அடிச்சத்தம் அனைத்தையும் தின்றுவிடும். பாஸ் கிட்டாரை நம்பி நிற்கும் எண்பதுகளின் பாட்டு அதில் பாதிப் பாட்டாகிவிடும், 1950-களின் பாட்டு ஜெயித்துவிடும். இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், இடையில் எட்டு அடி இடைவெளி, கேட்பவர்களின் காது உயரத்தில். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இடது வலதாகப் பிரித்துச் செய்த இடையிசை எல்லாம் ஒரே குவியலாகும்.

எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் கேட்க வேண்டும். இதைவிட முக்கியமான வேலை அந்த மாலையில் இல்லை. புதிய பதிவுகள் சத்தத்தை இறுக்கி ஏற்றியவை, பழையவை மெலிந்தவை. இரண்டு டெசிபல் கூடினாலே காது அதைச் சத்தமாக எடுத்துக்கொள்ளாது, ‘தெளிவா இருக்கு, உயிரா இருக்கு’ என்றே எடுத்துக்கொள்ளும். முந்தின நாளே நடு வரிசை நாற்காலியில் போனை வைத்து, ஒலி அளக்கும் செயலியில் ஒவ்வொரு பாட்டின் சரணத்தையும் 75 டெசிபல் அளவுக்குக் கொண்டுவந்து, பொத்தான் நிலையை அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.

பதிவையும் பார்த்து எடுங்கள். தாளம் சேர்த்து ‘மெருகேற்றிய’ பழைய பாட்டுகள் நிறையச் சுற்றுகின்றன, அவை வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் சில கோப்புகளில் வேகம் மாறி, சுருதி அரைக் கட்டை ஏறியோ இறங்கியோ இருக்கும். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டிலிருந்து எடுத்தவற்றில் இது சகஜம். நல்ல குறுந்தகட்டுப் பதிவோடு சுருதிப்பெட்டி செயலியை வைத்து ஒத்துப்பாருங்கள். பாடகரின் குரல் கொஞ்சம் குழந்தைத்தனமாகக் கேட்டால் பெரும்பாலும் வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். அந்தக் காலப் பாட்டில் நீண்ட இடையிசை இல்லை என்று குறை சொல்பவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். இருந்த இடத்துக்குள் வீடு கட்டினார்கள்.

நாளும் முக்கியம். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபர்–நவம்பரில் ஒரு மழை. ஷீட் கூரைக் கூடம் என்றால் இரண்டு காலமும் வேண்டாம். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர் சமயத்தில் வைத்தால் ஆளும் வரமாட்டார்கள், வெளிச் சத்தமும் உள்ளே வரும். மின்விசிறியைப் பாட்டு ஓடும்போது அணைத்துவிடலாம். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஸ்பீக்கரைத் தாங்குமா என்று முன்பே சோதியுங்கள்.

வாதாடுவது

தலைமை தாங்குபவரின் வேலை ஒன்றுதான்: பொதுப் பேச்சை இடம் காட்டும் பேச்சாக மாற்றுவது.

“அண்ணே, அந்தப் பாட்டுக்கு ஈடு கிடையாதுண்ணே.”

“சரி மக்கா, எந்த எடம்னு சொல்லு, போட்டுக் கேப்போம்.”

“முழுசுந்தான்.”

“முழுசும் இப்பதான் கேட்டாச்சு. நீ எந்த எடத்துல நிமிந்து உக்காந்த, அதச் சொல்லு.”

“ரெண்டாவது சரணம் முடிஞ்சு பல்லவிக்குத் திரும்புத எடம்.”

இப்போது வாதம் தொடங்கிவிட்டது. திரும்பும் இடத்தில் என்ன நடக்கிறது? தாளம் நிற்கிறதா, குரல் தனியாக வருகிறதா, சரணத்தின் கடைசிச் சுரமே பல்லவியின் முதல் சுரமா? ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவர் சொல்வார்.

ஒரு பாட்டை எடுத்துச் செய்து பார்ப்போம். ‘சிங்கார வேலனே தேவா’, ‘கொஞ்சும் சலங்கை’, 1962. இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, குரல் எஸ். ஜானகி, நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம், ராகம் ஆபேரி. ‘ஜானகியம்மா அருமையா பாடியிருக்காங்க’ என்பது வாதமல்ல, யாரும் மறுக்க மாட்டார்கள். பாட்டின் பின்பகுதியில் நாதஸ்வரமும் குரலும் சுரங்களை மாற்றி மாற்றி எடுக்கும் இடத்தைப் போடுங்கள். நாதஸ்வரம் கோயில் வெளியில் ஊதுவதற்கான கருவி. கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, அதில் பெரிசாக, அழுத்தமாக வரும். மைக்குக்கு அருகில் நின்று பாடும் மெல்லிய குரல் அதைத் துரத்தும்போது கத்தினால் பாட்டு கெட்டது, மெலிந்தால் தோற்றது. இரண்டும் நடக்கவில்லை, வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்து விழுகிறது. இது வாதம். நாதஸ்வரக்காரரை அந்த இடத்தில் பேசச் சொல்லுங்கள், கூடம் அடங்கிக் கேட்கும்.

மறுப்பும் வலுவாகவே வரும். இது பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உரிய வெற்றி, பாட்டின் வெற்றியா? கல்யாண வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து இதைப் பாட முடியுமா? தொடக்கத்தில் ‘சாந்தா’ என்று அழைத்துக் கதாநாயகன் பேசும் வசனம் பாட்டில் சேர்ந்ததா? ஒலிப்பதிவுதான் போட்டியிடுகிறது என்று முன்பே முடிவு செய்திருந்தால் முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் பதில் உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது, அங்கே இந்தப் பாட்டு மார்க் இழக்கத்தான் வேண்டும்.

அந்த இரண்டாவது கேள்வியைச் சோதனையாகவே வையுங்கள். இசை இல்லாமல், கைதட்டு மட்டும் வைத்து, சாதாரணக் குரல் உள்ள ஒருவர் பல்லவியைப் பாட வேண்டும். மெட்டு தன் காலில் நிற்கிறதா என்பது அரை நிமிஷத்தில் தெரியும். வரிக்கு மறுபக்கச் சோதனை: மெட்டில்லாமல் தமிழ் வாத்தியார் வாசிக்கட்டும். ‘மயக்கமா கலக்கமா’ இதில் தலைநிமிர்ந்து நிற்கும். ‘சுமைதாங்கி’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதி பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியது. வாய்ப்பில்லாமல் சென்னையை விட்டே கிளம்ப இருந்த வாலி, இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தங்கினேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டு ஓர் ஆளை என்ன செய்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஒரே ராகத்துப் பாட்டுகளை அடுத்தடுத்துப் போடுவதும் நன்றாக வேலை செய்யும். சாருகேசியை எடுத்தால் ‘ஹரிதாஸ்’ படத்து ‘மன்மத லீலையை’, ‘மதுரை வீரன்’ படத்து ‘ஆடல் காணீரோ’, ‘சாரங்கதரா’ படத்து ‘வசந்த முல்லை போலே’ மூன்றிலும் ஜி. ராமநாதனின் கை உண்டு, ‘குங்குமம்’ படத்து ‘தூங்காத கண்ணென்று ஒன்று’ கே.வி. மகாதேவனுடையது. ராகம் ஒன்றே என்பதால் ராகத்தின் அழகைப் பாட்டின் அழகு என்று நினைத்து ஏமாற முடியாது. இசையமைப்பாளர் சேர்த்தது எது என்று துலங்கிவிடும். எங்களைக் கேட்டால் இந்த ஒரு சுற்றுக்காகவே கூட்டம் போடலாம்.

செல்லாத வாதங்கள்

கோடிக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள் என்பது. ‘ரௌடி பேபி’ யூடியூபில் நூறு கோடிப் பார்வையைத் தாண்டியது உண்மை. 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டதும் உண்மை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வழியில்லை.

தேசிய விருது வாங்கியது என்பதும் பாதிதான் செல்லும். இசைக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் தொடங்கியது, முதலில் பெற்றவர் ‘கந்தன் கருணை’க்காகக் கே.வி. மகாதேவன். பாடகிக்கான விருது அடுத்த ஆண்டு, முதலில் பி. சுசீலாவுக்கு. அதற்கு முந்தைய பாட்டு எதற்கும் போட்டியிடவே வாய்ப்பில்லை. விருதை வைத்துப் பேசுபவர் 1967-க்குப் பிந்தைய பாட்டுகளுக்குள் மட்டும் பேசட்டும்.

படத்தைப் பார்த்து அழுதேன் என்பது படத்துக்குப் போகும் மார்க். ‘கண்ணே கலைமானே’யைப் படம் பார்க்காத ஒரு பிள்ளைக்குப் போட்டுக் காட்டி, தாலாட்டு என்று புரிகிறதா என்று பாருங்கள். எடுத்த இடத்துக்காக ஓட்டு விழுவதும் நம் ஊரில் நடக்கும். முட்டத்தில் எடுத்த ‘அலைகள் ஓய்வதில்லை’ பாட்டு வந்தால் கடலோரக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குவார்கள். திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் போடுங்கள்.

சொந்த நினைவை முழுக்கத் தடுக்க வேண்டாம். இலங்கை வானொலியிலும், 1984-ல் தொடங்கிய நாகர்கோவில் வானொலியிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நினைவும் பாட்டும் பிரியாது. ஒருவருக்கு ஒரு நிமிஷம் கொடுங்கள், கேளுங்கள், மார்க் வேண்டாம். ஆனால் ஊருக்கே பொதுவான நினைவு வேறு. எந்தச் சாதி, எந்த மதக் கல்யாணமானாலும் ஒரு பாட்டு போடப்படுகிறது என்று ரேடியோ செட் போடுபவர் சொன்னால் அது சாட்சியம், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டு

ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற முறை தப்பான பாட்டை ஜெயிக்க வைக்கும். 21 பேர், நான்கு பாட்டு என்று வைப்போம். மூன்று எண்பதுகளின் பாட்டு, ஒன்று அறுபதுகளுடையது. எண்பதுகளுக்கு 6, 4, 3 என்று 13 ஓட்டு சிதறும், அறுபதுகளின் பாட்டு 8 வாங்கி ஜெயிக்கும். அதற்குப் பதில் நான்கையும் வரிசைப்படுத்தி எழுதச் சொல்லுங்கள். 3 வாங்கியது வெளியேறும், அந்தச் சீட்டுகள் அவரவர் இரண்டாம் தேர்வுக்குப் போகும்: மூன்றும் 6 வாங்கியதற்கே போனால் அது 9. பிறகு 4 வாங்கியது வெளியேறும், அதில் மூன்று அதே 9-க்கும் ஒன்று 8-க்கும் போனால் முடிவு 12-க்கு 9. எண்ணப் பத்து நிமிஷம் கூடுதலாகும், ஆனால் தோற்றவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

நடுவர்கள் மெட்டுக்கு 10, வரிக்கு 10 என்று மார்க் போட்டுக் கூட்டுவதையும் தவிர்ப்பது நல்லது. கூட்டினால் எதிலும் குறையில்லாத, எதிலும் உச்சம் தொடாத பாட்டு மேலே வந்துவிடும்.

யார் ஓட்டுப் போட்டார்கள் என்பதை முடிவோடு சேர்த்தே அறிவியுங்கள். 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய உலக வாக்கெடுப்பில் வுல்ஃப் டோன்ஸ் பாடிய ஐரிஷ் தேசியப் பாட்டு ஒன்று முதலிடம், ‘தளபதி’ படத்து ‘ராக்கம்மா கையத்தட்டு’ நான்காமிடம், குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சொடி’ பத்தாமிடம். எந்த நாட்டவர் திரண்டு ஓட்டுப் போட்டார்கள் என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2004-ல் வெளியிட்ட பட்டியலில் பாப் டிலன் பாட்டு முதலிடம். 2021-ல் புதிய ஆட்களைச் சேர்த்து ஓட்டெடுத்தபோது அரீத்தா ஃப்ராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’ முதலிடத்துக்கு வந்தது, டிலன் நான்காவதுக்குப் போனார். இரண்டு பாட்டும் அறுபதுகளில் பதிவானவை. பதிவில் ஒரு நொடிகூட மாறவில்லை.

ஆகவே முடிவை இப்படி எழுதுங்கள்: ‘இத்தனாம் தேதி, இந்தக் கூடத்தில், இத்தனை வயதிலிருந்து இத்தனை வயதுவரை உள்ள 21 பேர், இந்த எட்டுப் பாட்டில் தேர்ந்தெடுத்தது.’ கீழே ஜெயித்த பாட்டுக்கான சிறந்த வாதம் ஒரு பத்தி, தோற்றதற்கான சிறந்த வாதம் ஒரு பத்தி, நேரக்குறிப்புகளோடு. அட்டைகளையும் சத்த அளவுகளையும் அதே நோட்டில் ஒட்டிவிட்டால், அடுத்த முறை நடத்துகிறவர் ஒலி வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.